பெனிட்டா மேடம் போட்ட ஆர்டர்

பெனிட்டா என்ன வேலை பார்க்கிறாள் என்பது ஒரகடம் வட்டாரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எதிர்வீட்டுக்காரம்மா அவளை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவாள். மாதா கோயில் கூட்டத்தில் ஒருமுறை அவளை 'மிலிட்டரி நர்ஸ்' என்று அறிமுகம் செய்துவைத்தார்கள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு பேராவது கையை நீட்டி பி.பி. பார்க்கச் சொல்கிறார்கள். அவள் புருஷன் ஜெபர்சன், கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் இருப்பவன், யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வான்: "ரிட்டயர்டு பட்டாளத்துக்கெல்லாம் என் பொண்டாட்டிதான் கமாண்டர்."

உண்மையில் அவள் ஓர் அறக்கட்டளையின் சமூகப் பணியாளர். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்களின் மனநலத்தைப் பார்த்துக்கொள்வது வேலை. டாக்டர் ஒரு பக்கம் இருப்பார், மாத்திரை ஒரு பக்கம், பென்ஷன் ஆபீஸ் ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம். இத்தனையையும் இழுத்துவந்து ஒரு மனிதனைச் சுற்றி நிற்க வைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட மனிதன் அதற்குள் நழுவிப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் அவள் உயிரை வாங்குவது.

ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்றாலும் முறுக்கு மீசையோடு ஒரு முன்னாள் சிப்பாய்தான் வந்து நிற்பார். பெனிட்டா யாரைப் பார்க்கப் போகிறாளோ அவரே அவள் கைப்பையைச் சோதித்து, டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்து, அப்புறம்தான் "சொல்லுங்க மேடம்" என்பார். 'மனசு' என்ற வார்த்தையை அவர்கள் முன்னால் எடுக்கவே கூடாது என்று அவள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டாள். தூக்கம் என்று சொல்லலாம். அசிடிட்டி என்று சொல்லலாம். மனசு என்றால் மட்டும் ஆள் விறைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

அப்படி விறைத்துக்கொண்டவர்களில் முதல் வரிசை ஆள் தணிகாசலம்.

மணிமங்கலத்துக்காரர். ஹவில்தாராக ஓய்வுபெற்று, ஒரகடத்தில் ஒரு உதிரிபாக ஃபேக்டரியின் கேட்டில் இருக்கிறார். உள்ளே வரும் ஒவ்வொரு லாரிக்கும் அடியில் குனிந்து பார்ப்பார். பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தீபாவளி வந்தால் விடிவதற்கு முன்பே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார். கேட்டால், தண்ணி மட்டம் பார்க்கப் போனேன் என்பார். அந்தப் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் யார் ஏரியை எட்டிப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பதில்லை என்பதால் அவர் பாடு சௌகரியமாகப் போயிற்று.

ஏரி அல்ல காரணம், வெடி. எல்லையில் ஒரு நாள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்த சிநேகிதன், பேச்சு முடிவதற்குள் இல்லாமல் போனான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஊருக்கு வந்த புதிதில் ஒரு கிரகப்பிரவேசத்தில் எவனோ சரவெடியைக் கொளுத்த, தணிகாசலம் பக்கத்திலிருந்த ஐயரைக் கீழே தள்ளி, அவர்மேல் கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றினார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஐயரும் நல்லவர், அவரும் சிரித்தார். அன்றோடு தணிகாசலம் எந்த விசேஷத்துக்கும் போவதை நிறுத்திக்கொண்டார்.

இப்போது விசேஷம் அவர் வீட்டிலேயே வந்துவிட்டது. மகள் நிலாவுக்கும் அவள் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே சூபர்வைசராக இருக்கும் பிரவீன்குமாருக்கும் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கல்யாணம்.

தணிகாசலத்தின் மனைவி மீனம்மாள் பெனிட்டாவின் ஆபீஸுக்கு, அதாவது டூவீலர் ஸ்பேர்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைக்கு, மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"மேடம், இந்த மனுசன் இன்னா பண்ணிக்கீறாரு தெரியுமா? பொண்ணு கல்யாணத்தன்னிக்கு டியூட்டி போட்டுக்கினு வந்துக்கீறாரு! இன்னொருத்தன் லீவு கேட்டானாம், இவரு பெரிய மனசு பண்ணி ஒத்துக்கினாராம்."

"நிலா இன்னா சொல்றா?"

"அப்பா தாரை வார்க்கலன்னா நான் மேடை ஏறமாட்டேன்றா. அவளும் அவரு பொண்ணுதானே, அதே பிடிவாதம்." மீனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி ஐயரைத் தள்ளின மாதிரி ஆயிட்டா, பொண்ணு வாழ்க்கை கெட்டுப்பூடும்னு பயப்படறாரு மேடம். வாயைத் தொறந்து சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியும்."

பெனிட்டா மறுநாளே ஃபேக்டரி கேட்டுக்குப் போனாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டாக்டரைப் பார்த்து ஒழுங்காக வைத்தியம் ஆரம்பித்தால் ஓரளவு தேறிவிடலாம் என்பது அவள் கணக்கு.

"எனக்கு ஒன்னியும் இல்ல மேடம்" என்றார் தணிகாசலம், அவள் பைக்குள் டார்ச் அடித்துக்கொண்டே. "நீங்க அந்த எதிர்க் கம்பெனி நம்பிராஜனைப் போய்ப் பாருங்க. பொண்டாட்டி போனதுலேர்ந்து ரூம்ல டி.வி.யப் போட்டுக்கினு அதையே பாத்துக்கினு கீறான். சோறு துன்றதில்ல. சாயந்தரமானா பாட்டில்தான். அவனுக்குத்தான் டாக்டரு வேணும்."

நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், அவரும் ஓய்வுபெற்ற சிப்பாய்தான். பெனிட்டா அங்கே போனாள். அவரும் பையைச் சோதித்தார்.

"எனக்கு என்ன மேடம், நான் நல்லாத்தான் இருக்கேன். அந்த தணிகாசலத்த முதல்ல பாருங்க. லாரி டயர் வெடிச்சாப் போதும், மனுசன் செவுத்தோட செவுறா ஒட்டிக்கிடுதாரு. ராத்திரி கண்ண மூட மாட்டேங்காரு. பாவம், பொண்ணு கல்யாணம் வேற வருது."

அவனுக்குத்தான் வேணும், அவருக்குத்தான் வேணும். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது பெனிட்டாவுக்கு அந்த யோசனை வந்தது. பட்டாளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடிக்காரன் உண்டு என்று அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறாள். இவன் சாப்பிட்டானா, தூங்கினானா, காலில் புண்ணா என்பதெல்லாம் அவன் பொறுப்பு. தனக்கென்றால் வாய் திறக்காத மனிதன், ஜோடிக்காரனுக்கென்றால் டாக்டர் சட்டையைப் பிடித்து உலுக்குவான். அப்புறம் என்ன? பெனிட்டா இருவரையும் தனித்தனியாகப் பார்த்தாள். இருவரிடமும் அதே வார்த்தைகளை, அதே கண்டிப்பான முகத்தோடு சொன்னாள்.

"இனிமே அவரு உங்க பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும், மாத்திரை போடவைக்கணும், எனக்கு தினமும் ரிப்போர்ட் பண்ணணும். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. இது ஆர்டர்."

ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டதும் இருவருக்கும் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்து, இதை ஏன் முன்னாலேயே யோசிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்ட்டரில் நடந்ததைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பேஷண்ட் யார் என்று கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். அப்புறம் இருவரும் கவுண்ட்டர் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். அந்தப் பெண் மிரண்டுபோய் இரண்டு டோக்கனாகக் கிழித்துக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா கெட்டிக்காரி. ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். உங்களுக்கும் இது இருக்கிறது, நீங்களும் மாத்திரை போட வேண்டும், நீங்களும் இந்த மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உள்ளதை உள்ளபடியே சொன்னார். இருவரும் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பெனிட்டாவிடம் ரகசியமாகச் சொன்னார்கள்: "அவரு போடணும்னுதான் நானும் போடறேன்."

எதற்காகப் போட்டால் என்ன, வயிற்றுக்குள் போனால் சரி.

அதன்பிறகு பெனிட்டாவுக்குப் போன் ஓயவில்லை. காலையில் நம்பிராஜன்: "மேடம், ரிப்போர்ட். தணிகாசலம் நேத்து நாலு மணி நேரம் தூங்கியிருக்காரு." மாலையில் தணிகாசலம்: "மேடம், ரிப்போர்ட். நம்பிராஜனை வூட்டுக்கு இட்டாந்து மீன் கொழம்பு போட்டேன். ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னான். பாட்டிலைத் தொடல." ஒரு நாள் மீனம்மாள் கூப்பிட்டு அழுதாள். என்னவோ ஏதோவென்று பெனிட்டா பதறினாள். "கொறட்டை விடறாரு மேடம். எத்தினி வருசம் ஆச்சு இந்தக் கொறட்டையக் கேட்டு!" என்றாள் மீனம்மாள். இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். ஒரு குறட்டைக்காக அழுத பெண்கள் உலகத்தில் அவர்கள் இருவராகத்தான் இருப்பார்கள்.

இவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் குடை சாய்ந்தது. தணிகாசலம் அன்று மாத்திரையை மறந்துவிட்டார். நம்பிராஜன் கொஞ்சம் சத்தமாகவே கண்டித்தார்.

"நீ யாருய்யா என்னைக் கேக்கறதுக்கு?"

"எனக்கு ஆர்டர் இருக்கு. மேடம் போட்ட ஆர்டர்."

"ஆர்டர் எனக்குய்யா! உன்னைப் பாத்துக்கச் சொல்லி!"

டீ ஆறிக்கொண்டிருக்க, விஷயம் முழுதாக வெளியே வந்தது. அரை மணி நேரத்தில் தணிகாசலம் மாடியேறி பெனிட்டாவின் மேஜை முன்னால் நின்றார். பொய் சொன்னதற்குத் திட்டப்போகிறார் என்று அவள் தயாராக எழுந்து நின்றாள். அவர் கோபம் அதில் இல்லை.

"மேடம், நான் ஹவில்தாரு. அவன் நாயக்கு. எனக்கு ஒரு படி கீழே. ஒரு நாயக்கை எனக்கு மேல போட்டுட்டீங்களே, எந்த ஊரு ஞாயம் இது? நான் அவனுக்கு ரிப்போர்ட் பண்ற ஆளா?" அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். "உங்கள நம்பினேன். இனிமே ஆஸ்பத்திரியும் வேணாம், ஒன்னும் வேணாம். கல்யாணத்தன்னிக்கு நான் டியூட்டி. அவ்ளோதான்."

பெனிட்டா இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவள். மனித மனத்தைப் பற்றி எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறாள். அதில் எதிலும் நாயக்குக்கு மேலே ஹவில்தார் என்று வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஜெபர்சனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கமாண்டருக்கே ரேங்க் தெரியல!" அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தான். அவளுக்கு இறங்கவில்லை. குறுக்கு வழியில் கெட்டிக்காரத்தனம் பண்ணப்போய், ஒரு பெண்ணின் கல்யாணத்தையல்லவா நட்டாற்றில் விட்டுவிட்டோம் என்று நெஞ்சை அரித்தது.

மறுநாள் கேட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். "நான் பொய் சொன்னது தப்பு சார். உங்க மரியாதை தெரியாம நடந்துகிட்டதும் தப்பு." தணிகாசலம் முன்பின் தெரியாத ஆளின் பையைப் போல அவள் பையைச் சோதித்தார். "டிபன் பாக்ஸ், குடை. சரி, போலாம்." அடுத்து வந்த லாரிக்கு அடியில் குனிந்துவிட்டார்.

சோர்ந்துபோய் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தவளுக்குப் போன் வந்தது. நம்பிராஜன்.

"மேடம், ரிப்போர்ட். தணிகாசலம் இன்னைக்கு மாத்திர போட்டுட்டாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே?"

"பேசல. எங்க கேட்டுல இருந்து பாத்தா அவரு கேட்டு தெரியும்லா. தண்ணி குடிக்கையில பாத்தேன்."

"இன்னுமா பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கிய? சண்ட வேற, டியூட்டி வேற. நீங்க ஆர்டர கேன்சல் பண்ணலயே?"

பெனிட்டா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வியப்பு தீர்வதற்குள் மீனம்மாளிடமிருந்து அழைப்பு. "மேடம், அவரு உங்களாண்ட பேசமாட்டாராம். ஆனா என்னைச் சொல்லச் சொன்னாரு. நம்பிராஜனுக்கு மதியத்துக்குச் சோறு குடுத்தனுப்பிச்சாச்சாம். மிச்சம் வெக்காம துன்னுட்டானாம். இதுக்குப் பேரு இன்னாவோ சொன்னாரே... ஆங், ரிப்போர்ட்டு."

அந்த ஆர்டரை கேன்சல் செய்யும் எண்ணம் பெனிட்டாவுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் கண்காணிப்பதும், டிபன் கேரியர் மட்டும் நடுவே போய் வருவதுமாக வாரங்கள் ஓடின. டாக்டரம்மாவிடமும் போனார்கள், தனித்தனி பஸ்ஸில். ஆனால் கல்யாணத்தன்று டியூட்டி என்பதில் மட்டும் தணிகாசலம் அசையவில்லை.

நிலா சும்மா இருக்கவில்லை. பிரவீன்குமாரிடம் உள்ளதைச் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை, எங்கள் தரப்பில் ஒரு ஊசிவெடிகூட வெடிக்காது என்று சத்தியம் செய்தான். சத்தியம் நல்ல சத்தியம்தான். ஆனால் முகூர்த்த நாளில் வல்லக்கோட்டையில் ஒரு கல்யாணமா நடக்கும்? மற்ற வீட்டார் வாயை யார் கட்ட முடியும்?

கல்யாணத்தன்று காலையில் கோயில் வாசலில் தேர்க்கூட்டம். பெனிட்டா பட்டுப்புடவையும் கையில் பரிசுமாக இறங்கியவள், முதலில் பார்த்தது தணிகாசலத்தைத்தான். பட்டுவேட்டி கட்டி, சட்டைப் பையில் விசிலோடு, வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று கார்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

"இவரை ஃபேக்டரியிலேர்ந்து கெஞ்சிக் கூத்தாடி இட்டுக்கினு வந்தேன்" என்றாள் மீனம்மாள். "இங்கியே டியூட்டி பாக்கறேன், மேடைக்கு மட்டும் கூப்புடாதன்றாரு. பொண்ணு மணையில ஒக்கார மாட்டேன்னு நிக்கறா. முகூர்த்தம் நெருங்குது மேடம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்துக் கல்யாணத்தார் கோயில் வாசலெதிரே ஒரு சரவெடியைப் பிரித்தார்கள். பிரித்துக்கொண்டே போனார்கள். அது சாலை முனை வரைக்கும் நீண்டது. தணிகாசலத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற காரோடு ஒட்டிக்கொண்டார். பெனிட்டா அவரிடம் ஓடினாள். அதற்குள் இன்னொருவர் முந்திக்கொண்டார்.

நம்பிராஜன். வெள்ளைச் சட்டை, பழைய பட்டாளத்துப் பெல்ட்டு. அவர் நேராக வந்து, குதிகால்கள் ஒட்ட, தணிகாசலத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். அத்தனை நாள் பேசாதிருந்தவர், கூட்டமே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகப் பேசினார்.

"ஹவில்தார் சாப்! அந்த வேட்டு உங்க ஆர்டர் இல்லாம வெடிக்காது. நெருப்புப் பெட்டி எங்கிட்ட இருக்கு. நீங்க கைய ஒசத்தி எறக்கினாத்தான் பத்தவைப்பேன். அதுவரைக்கும் எவன் வந்தாலும் விடமாட்டேன். நீங்க போய்த் தாரை வாத்துட்டு வாங்க சாப்."

தணிகாசலம் அவரைப் பார்த்தார். வெடிச்சரத்தைப் பார்த்தார். ஒரு நாயக் ஹவில்தாரிடம் உத்தரவு கேட்டு நிற்கிறான். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. விசிலைக் கழற்றி மீனம்மாள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

தாரை வார்த்தார். தாலி ஏறியது. மேளம் கொட்டியபோது தோள் ஒருமுறை துள்ளியது, அவ்வளவுதான். வெளியே நம்பிராஜன் வெடிச்சரத்தின் நுனியில் காலை அகட்டி நின்றுகொண்டு, அந்த வீட்டு மாமன் மச்சான் அத்தனை பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "யோவ், எங்க வெடிய நாங்க வெடிக்க உன்னாண்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று ஒருவர் குதித்தார். "எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. சாப்கிட்ட" என்றார் நம்பிராஜன்.

மாலையும் கழுத்துமாக மகளும் மருமகனும் படியில் வந்து நின்றார்கள். நடுவில் தணிகாசலம். நிலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னா வேணாம்பா. நாம உள்ளயே இருக்கலாம்."

அவர் ஒரு படி இறங்கி நின்றார். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்தார், விட்டார். இன்னொருமுறை இழுத்தார். தூரத்தில் நம்பிராஜன் தீக்குச்சியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் வலது கையை உயர்த்தினார். பெனிட்டா வேளாங்கண்ணி மாதாவையும் வல்லக்கோட்டை முருகனையும் சேர்த்தே கூப்பிட்டாள். கை இறங்கியது.

வெடித்தது. கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. குழந்தைகள் கத்தின. தணிகாசலத்தின் உடம்பு முழுக்க நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிலாவின் கையை அவர் பிடித்த பிடியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், ஆனால் விடுவித்துக்கொள்ளவில்லை. சரம் முனைவரை ஓடி, ஒரு பெரிய வெடியோடு ஓய்ந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். யாரையும் தள்ளவில்லை.

புகை கலைந்ததும் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நடுவுல கொஞ்சம் வெடிக்கல. மட்டமான சரக்கு."

முதலில் நிலாதான் சிரித்தாள். அப்புறம் மாப்பிள்ளை, அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. இந்தமுறை தணிகாசலமும் சிரித்தார். பெனிட்டா பரிசுப் பொட்டலத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

பந்திக்கு எல்லோரும் நகர்ந்தபோது தணிகாசலம் அவளைத் தேடி வந்தார். டீக்கடைச் சண்டைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசுவது இதுதான் முதல்முறை. குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார்.

"மேடம், ரிப்போர்ட்."

"சொல்லுங்க சார்."

"நம்பிராஜன் காலைலேர்ந்து இன்னும் ஒன்னியும் துன்னல. வெளியவே நிக்கறான். என் பக்கத்துல எல போடச் சொல்லிக்கீறேன். நீங்களும் வாங்க."